ஸ்கிம்மர் செய்வதா, வாங்குவதா? முதலில் பம்ப்பை முடிவு செய்யுங்கள்

வேளச்சேரி ஃப்ளாட்டில் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் உப்புநீர் மீன்தொட்டி வைக்கப் போகிறீர்கள். கீழே கேபினட்டுக்குள் சம்ப், அதாவது வடிகட்டும் சாமான்கள் நிற்கும் துணைத்தொட்டி. முதலில் இரண்டு க்ளவுன் மீன், பின்னால் ஒரு டேங் மீன், முடிந்தால் ஒரு அனிமோன் (கடல்சாமந்தி). நாலு அங்குல பிவிசி குழாயில் ஸ்கிம்மர் (தண்ணீரின் அழுக்கை நுரையாக்கி வெளியேற்றும் கருவி) செய்யும் வீடியோவைப் பார்த்துவிட்டு, நாமே செய்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. கடைக்காரரோ தொட்டியைப் போல நாலு மடங்கு அளவுக்கான ஸ்கிம்மரை வாங்கச் சொல்கிறார். எது சரி, கரன்ட் பில்லுக்காக இரவில் அதை அணைத்து வைக்கலாமா என்பவை உங்கள் கேள்விகள்.

என் பதில்: வாங்குங்கள். கடைக்காரர் சொல்லும் அளவில் அல்ல, அதைவிடச் சின்னதாக. செய்து பார்க்கும் ஆசை இருந்தால் அதற்கும் ஒரு நல்ல வழி உண்டு, ஆனால் அந்த வீடியோவில் பார்த்த வழி இல்லை.

2019 நவம்பர் கடைசியில், மழைக்குப் பிறகு, மெரினா, பட்டினப்பாக்கம் கரையெல்லாம் வெள்ளை நுரை மூடிக் கிடந்தது நினைவிருக்கும். பிள்ளைகள் அதில் இறங்கி விளையாடினார்கள், பெரியவர்கள் செல்ஃபி எடுத்தார்கள். சுத்திகரிக்காத கழிவுநீரும் சோப்புக் கழிவும் கடலில் கலந்து, அலை அதை அடித்துக் காற்றோடு கலக்கியதால் வந்த நுரை அது. ஸ்கிம்மருக்குள் நடப்பதும் இதேதான். மீன் கழிவு, மிஞ்சிய தீனி, அழுகும் பாசி ஆகியவற்றிலிருந்து வரும் கரிமப் பொருள்களில் பலவற்றுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை விலகும். விலகும் முனை காற்றைத் தேடிப் போகும். அதனால் அவை குமிழியின் தோலில் போய் ஒட்டிக்கொள்கின்றன. குமிழிகள் மேலே ஏறி, ஸ்கிம்மரின் குறுகிய கழுத்துக்குள் நெருங்கி நுரையாகி, தண்ணீர் வடிந்து, அழுக்கோடு அதன் மேலுள்ள கோப்பையில் விழுகின்றன. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவது குறைவு. நன்னீரில் சட்டென்று சேர்ந்துவிடும். தங்கமீன் தொட்டிக்கு யாரும் ஸ்கிம்மர் வைக்காததற்கு இதுதான் முக்கியக் காரணம்.

ஆக, ஸ்கிம்மருக்கு வேண்டியது நிறைய சின்னக் குமிழிகள், அவை தண்ணீரோடு கொஞ்ச நேரம் இருக்க ஒரு அறை, நுரை அமைதியாக ஏற ஒரு கழுத்து. அறையும் கழுத்தும் வெறும் பிளாஸ்டிக். குமிழியைச் செய்வது பம்ப். விலையில் பெரும்பங்கு அங்கேதான் போகிறது, போக வேண்டியதும் அங்கேதான்.

இதையும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் குழுவினரும் 2009-ல் சில ஸ்கிம்மர்களை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டு அளந்தார்கள். தண்ணீரில் உள்ள மொத்தக் கரிமக் கார்பனில் ஏறக்குறைய 20 முதல் 30 சதவீதத்தைத்தான் அவற்றால் எடுக்க முடிந்தது. மிச்சம் நுரைக்குப் பிடிபடாத வகை. அதைவிட முக்கியம், வெவ்வேறு வடிவமைப்புகளுக்கு நடுவே சொல்லும்படியான வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு மடங்கு விலை கொடுத்தால் இரண்டு மடங்கு சுத்தம் கிடைக்கும் என்ற நம்பிக்கை அதோடு போனது. அதிக விலைக்கு நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் சத்தம் குறைந்த பம்ப், நல்ல ஃபினிஷிங், சுலபமாகக் கழற்றும் கோப்பை. அவையும் வேண்டியவைதான், தொட்டி ஹாலில் இருந்தால் ரொம்பவே வேண்டியவை.

அம்மோனியா, நைட்ரேட், பாஸ்பேட் இவற்றை ஸ்கிம்மர் நேரடியாக எடுக்காது. அவையாக மாறுவதற்கு முந்தைய பொருளில் ஒரு பகுதியை எடுக்கும். தண்ணீர் மாற்றும் வேலை ஓயாது, இடைவெளியைக் கொஞ்சம் நீட்டலாம், அவ்வளவுதான். இரண்டு க்ளவுன் மட்டும் என்றால் வாராவாரம் பத்து சதவீதம் மாற்றியே ஓட்டிவிடலாம், ஸ்கிம்மரே வேண்டாம். டேங் வந்தால் கதை வேறு. அது நாள் முழுக்கத் தின்னும், நாள் முழுக்கக் கழியும்.

சரி, அந்த வீடியோவுக்கு வருவோம். சாதாரண பவர்ஹெட்டின் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும் சின்ன பம்ப்) இம்பெல்லரில், அதாவது உள்ளே சுழலும் சக்கரத்தில், பிளாஸ்டிக் ஊசிகளை ஒட்டியோ, வலைத்துண்டைக் கட்டியோ அதைக் காற்றைச் சின்னக் குமிழிகளாகச் சிதறடிக்கும் நீடில் வீல் ஆக்குகிறார்கள். அந்தக் காலத்து ஆர்வலர்கள் உலகம் முழுக்கச் செய்த வேலைதான். ஆனால் இந்தப் பம்ப்புகள் நிமிடத்துக்கு மூவாயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுழல்கின்றன. ஊசிகளின் எடை ஒரு பக்கம் துளி கூடினாலும் இம்பெல்லர் ஆட ஆரம்பிக்கும். முதல் வாரம் லேசான உறுமல், அப்புறம் ஷாஃப்ட் தேய்மானம், ஒரு நாள் கரன்ட் போய் வந்ததும் சுழலவே மறுக்கும். வீடியோவில் இருப்பது முதல் நாள் மட்டும். கேபினட்டுக்குள் 24 மணி நேரமும் ஓடப்போகும் சாமானை இப்படிச் செய்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

செய்தே தீருவேன் என்றால், காற்று பம்ப்பில் ஓடும் எதிரோட்ட ஸ்கிம்மரைச் செய்யுங்கள். அதில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. 110 மி.மீ. யுபிவிசி குழாய், இரண்டடிக்குக் கொஞ்சம் மேல். தண்ணீர் மேல்பக்கத்தில் உள்ளே வந்து கீழே இறங்கும், காற்று அடியிலிருந்து மேலே ஏறும், இரண்டும் எதிரெதிரே உரசிப் போகும். வெளியேறும் தண்ணீர் அடியிலிருந்து கிளம்பி, பக்கவாட்டில் ஒரு குழாய் வழியாக மேலே ஏறி வழியும். அந்தக் குழாயின் உயரம்தான் உள்ளே தண்ணீர் மட்டத்தைத் தீர்மானிக்கிறது. அதில் ஒரு வால்வு போட்டால் மட்டத்தை ஏற்றி இறக்கலாம்.

கணக்கைப் பாருங்கள். அந்த 110 மி.மீ. குழாயில் 60 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் சுமார் 5 லிட்டர். மணிக்கு 240 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 4 லிட்டர் விட்டால் ஒரு சொட்டு உள்ளே ஒரு நிமிடத்துக்கும் சற்று மேலே தங்கும். தண்ணீர் இறங்கும் வேகம் நொடிக்கு ஒரு சென்டிமீட்டரைத் தொடாது. மில்லிமீட்டருக்கும் சின்ன குமிழிகூட அதைவிடப் பல மடங்கு வேகமாக மேலே ஏறும், அதனால் குமிழி வெளியே அடித்துப் போகாது. பெரிய பம்ப் வைத்தால் நல்லது என்று நினைத்து மணிக்கு ஆயிரம் லிட்டர் பம்ப்பை மாட்டினால் இந்தக் கணக்கு உடைந்து, சம்ப் முழுக்கக் குமிழி பறக்கும்.

இதில் கஷ்டம் ஒன்றே ஒன்று, காற்றுக்கல். கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் கிடைக்கும் நீல நிறச் சாதாரணக் கல் விடும் குமிழி இதற்கு ரொம்பப் பெரிது. லைம்வுட் எனும் மரக்கட்டையில் செய்த கல் வேண்டும். அதன் நுண்துளைகள்தான் பால்போல மெல்லிய குமிழியைத் தரும். நம்மூரில் அது எல்லாக் கடையிலும் இருக்காது, ஆன்லைனில் தேட வேண்டும். கிடைத்தாலும் நாலாறு வாரத்தில் துளைகள் அடைத்துக்கொள்ளும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அது இறுக்கமான கல், அழுத்தம் கொடுக்கக்கூடிய காற்று பம்ப் இல்லாவிட்டால் மூச்சே விடாது.

ஒட்டும் வேலையில் ஒரு எச்சரிக்கை. யுபிவிசிக்கு யுபிவிசி சால்வன்ட் பசை நன்றாகப் பிடிக்கும். கழுத்துக்கு நீங்கள் வைக்கும் கண்ணாடிபோன்ற அக்ரிலிக் குழாயை அதே பசையில் யுபிவிசியோடு ஒட்டினால் நம்ப முடியாது. ரெட்யூசருக்குள் (குழாய் அளவைக் குறைக்கும் இணைப்பு) ரப்பர் வளையம் வைத்து அழுத்திச் செருகுங்கள், கழுவக் கழற்றவும் வசதி. இரும்புக் க்ளாம்ப், பித்தளை நிப்பிள் எதுவும் தண்ணீர் படும் இடத்தில் வேண்டாம். பித்தளையில் இருக்கும் செம்பு அனிமோனுக்கும் இறாலுக்கும் விஷம். ஒட்டி முடித்ததும் இரண்டு நாள் காயவிட்டு, ஒரு வாரம் வாளித் தண்ணீரில் ஓடவிட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி வாசனை போன பிறகு தொட்டிக்குக் கொண்டுவாருங்கள்.

இன்னொன்று, இதன் உயரம். காலும் கோப்பையும் சேர்த்தால் மூன்றடி வரும். கேபினட்டுக்குள் நுழையாது. பக்கத்தில் நிற்கவைக்க வீட்டில் சம்மதிக்க வேண்டும். இதனால்தான் உங்களுக்கு வாங்கச் சொல்கிறேன்.

வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் லிட்டர் எண்ணை முதலில் பார்க்காதீர்கள். உங்கள் தொட்டி கணக்குப்படி 255 லிட்டர். கல், மணல், மேலே விடும் இடம் கழித்து, சம்ப்பைக் கூட்டினால் ஏறக்குறைய 250 லிட்டர் தண்ணீர். பெட்டியில் "1000 லிட்டர் வரை" என்று இருந்தால் அது பெரும்பாலும் மீன் குறைவான தொட்டிக்கான எண். நல்ல தயாரிப்பாளர்கள் மீன் அதிகமான தொட்டிக்குத் தனி எண் தருவார்கள். அந்த இரண்டாவது எண் 250-க்கும் 400-க்கும் நடுவில் இருந்தால் போதும். ரொம்பப் பெரிதை வாங்கினால் கழுத்தை நிரப்பும் அளவுக்கு உங்கள் தண்ணீரில் அழுக்கு இருக்காது. நுரை பாதி ஏறி உடைந்து உடைந்து விழும். நாலு நாள் கோப்பை காலி, ஐந்தாம் நாள் திடீரென்று பொங்கல். கடைக்காரர்கள் பெரிதைச் சொல்வதற்கு நல்லெண்ணமும் காரணமாக இருக்கலாம், லாபமும் காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும் இங்கே அது உதவாது.

அடுத்தது பம்ப். நம் கரன்ட் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்து விற்கும் அமெரிக்க ஸ்கிம்மர் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், ஹெர்ட்ஸை மாற்றாது. ஏசி (மாறுதிசை மின்) பம்ப்பின் வேகம் ஹெர்ட்ஸைப் பொறுத்தது, அதனால் ஆறில் ஒரு பங்கு வேகம் குறையும், காற்று அதைவிடக் குறையும். டிசி (நேர்திசை மின்) பம்ப் என்றால் இந்தத் தொல்லை இல்லை, வேகத்தையும் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் கன்ட்ரோலர் போனால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நம்மூர் கடற்கரை ஈரத்தில் கன்ட்ரோலரை சம்ப்புக்கு மேலே மாட்டுவது அதன் ஆயுளைக் குறைக்கும் வேலை. கேபினட்டுக்கு வெளியே மாட்டுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "இதுக்கு இம்பெல்லர் தனியா கிடைக்குமாண்ணே, இப்போ கையில இருக்கா?" வரவழைத்துத் தருகிறேன் என்றால் அது வரும் வரை ஸ்கிம்மர் ஓடாது. பெயர் பெரிய பிராண்டாக இருந்து இம்பெல்லர் கிடைக்காததைவிட, நடுத்தர பிராண்டாக இருந்து கொளத்தூரில் இரண்டு கடையில் ஸ்பேர் இருப்பது எவ்வளவோ மேல். வாங்கும்போதே ஒரு இம்பெல்லரையும் சேர்த்து வாங்கி அலமாரியில் போட்டுவிடுங்கள்.

பழையது கிடைத்தால் தயங்க வேண்டாம். தொட்டியைக் கலைக்கிறவர்கள் நல்ல ஸ்கிம்மரை மலிவாகத் தருவார்கள். பம்ப்பைக் கழற்றி இம்பெல்லரை வெளியே எடுங்கள். காந்தம் வீங்கியோ வெடித்தோ இருந்தால் அதன் மேல் விரலை ஓட்டும்போதே தெரியும், வழவழப்பாக இருக்காது. செராமிக் ஷாஃப்ட் நேராக இருக்கிறதா, கழுத்தில் முடிவிரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். சுண்ணாம்பு படிந்திருந்தால் கவலை இல்லை. மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டால் தருவார்கள், அதுதான் சிட்ரிக் அமிலம். வெந்நீரில் அதைக் கரைத்து ஒரு இரவு ஊறவைத்தால் வெள்ளையெல்லாம் உதிர்ந்துவிடும். உங்கள் சொந்த ஸ்கிம்மருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை இதே வைத்தியம்.

கேபினட்டின் உள் உயரத்தை அளக்காமல் கடைக்குப் போகாதீர்கள். ஸ்கிம்மர் உள்ளே நுழைந்தால் போதாது, கோப்பையைத் தூக்கி எடுக்க மேலே இன்னும் சில அங்குலம் வேண்டும். இரண்டு நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டிய கோப்பையை எடுக்க ஸ்கிம்மரையே வெளியே இழுக்க வேண்டியிருந்தால், சீக்கிரமே கழுவாமல் விடத் தொடங்குவீர்கள். கழுத்தில் படியும் வழுக்கல் நுரையை ஏறவிடாது, ஸ்கிம்மர் ஓடியும் ஓடாத மாதிரிதான்.

சம்ப்பில் அது நிற்கும் அறையின் தண்ணீர் மட்டம் மாறக்கூடாது. பெரும்பாலான மாடல்களுக்கு ஏழு முதல் ஒன்பது அங்குல ஆழம், கையேட்டில் போட்டிருக்கும். சென்னை வெயிலில், அதுவும் தொட்டி மேல் மின்விசிறி வைத்தால், ஆவியாகும் தண்ணீர் கொஞ்சநஞ்சம் இல்லை. ஸ்கிம்மர் அறைக்கு ஒரு தடுப்புக் கண்ணாடி வைத்தால் மட்டம் அங்கே நிலையாக நிற்கும், ஏற்ற இறக்கம் எல்லாம் கடைசி அறையில் நடக்கும்.

புது ஸ்கிம்மர் முதல் சில நாள், சிலசமயம் இரண்டு மூன்று வாரம் வரை, கிறுக்குத்தனமாக நடக்கும். தயாரிப்பில் ஒட்டிய எண்ணெய்ப் பசை போகும் வரை அப்படித்தான். வினிகர் தண்ணீரில் கழுவிவிட்டு மாட்டி, வால்வைத் திறந்து வைத்து, அதை அதன் போக்கில் விடுங்கள். தினமும் திருகித் திருகிப் பார்த்தால் எது எதனால் மாறியது என்றே தெரியாது. கடைசியில் கோப்பையில் கடும் டிகாஷன் நிறத்தில் கொஞ்சமாகச் சேர வேண்டும். வெளிறிய தண்ணீராக நிறையச் சேர்ந்தால் ஸ்கிம்மருக்குள் தண்ணீர் மட்டத்தைக் குறையுங்கள்.

நுரை திடீரென்று செத்துப்போனால் எண்ணெய் ஏதோ உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். தேங்காயெண்ணெய் தடவிய கையைத் தொட்டிக்குள் விட்டாலே சில மணி நேரம் நுரை படுத்துவிடும். எண்ணெய்ச் சத்துள்ள தீனியும் அப்படியே. நுரை திடீரென்று பொங்கினால் குளோரின் நீக்கும் மருந்தைச் சந்தேகப்படுங்கள், அல்லது கல் ஒட்டும் எபாக்ஸியை. மெட்ரோ வாட்டரை மருந்து போட்டு உபயோகித்தால் ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்துக்கும் இந்தக் கூத்து நடக்கும். ஆர்ஓ-டிஐ (தாதுக்கள் நீக்கிச் சுத்திகரித்த) தண்ணீரில் உப்பு கலந்தால் மருந்துக்கு வேலையே இல்லை. கோவளம் பக்கம் கடல்நீர் எடுத்துவரும் பழக்கம் இருந்தால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அடர்த்தியை அளந்து பாருங்கள். மழைத்தண்ணீர் கலந்து உப்பு நன்றாகக் குறைந்திருக்கும். முகத்துவாரங்களுக்குப் பக்கத்தில் எப்போதுமே எடுக்காதீர்கள். அப்படியே, ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து லைவ் ராக் (உயிரிகள் ஒட்டி வாழும் பவளக்கல்) தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பவளப்பாறைகள் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கின்றன.

இனி, பலரும் கவனிக்காத ஒன்று: அந்தச் சின்னக் காற்றுக் குழாய். ஸ்கிம்மர் உங்கள் வீட்டுக் காற்றை மணிக்கு நூற்றுக்கணக்கான லிட்டர் உறிஞ்சித் தண்ணீரில் கலக்குகிறது. ஹாலில் கொசு லிக்விட் மெஷின் மாட்டியிருந்தால் அந்த ஆவியும் சேர்ந்தே போகும். அதில் இருப்பது பைரெத்ராய்டு வகை. நமக்குப் பெரிய தொல்லை தராது, மீனுக்கும் இறாலுக்கும் கொடிய விஷம். கொசுவத்தி, ஸ்ப்ரே, பெயின்ட் வாசனை எல்லாம் இதே பாதையில்தான் நுழைகின்றன. தொட்டி இருக்கும் அறையில் கொசு மெஷின் வேண்டவே வேண்டாம், ஜன்னலுக்கு வலை போடுங்கள். ஏசிக்காகக் கதவு ஜன்னல் மூடிய அறையில் இன்னொரு சிக்கல்: நாம் விடும் மூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு கூடி, தண்ணீரின் பிஎச் (அமில-கார அளவு) இறங்கும். ஆறு மி.மீ. டியூபை நீட்டி, ஜன்னலுக்கு வெளியே, மழைச்சாரல் படாத, அடுக்களைப் புகைப்போக்கி இல்லாத பக்கமாக விட்டால் இரண்டு பிரச்சினையும் ஒன்றாகக் குறையும். டியூப் ரொம்ப நீளமானால் காற்று குறையும், அகலமான டியூபாகப் போடுங்கள். இதன் உள்முனையில் உப்புக் கட்டி அடைப்பதும் சகஜம். மாதம் ஒருமுறை, ஓடும்போதே ஒரு டம்ளர் வெதுவெதுப்பான ஆர்ஓ தண்ணீரை டியூப் வழியே உறிஞ்சவிட்டால் கரைந்துவிடும்.

கரன்ட் போகும் நேரம் வேறு ஆபத்து. சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப் நின்றதும் மேல்தொட்டித் தண்ணீர் கொஞ்சம் சம்ப்புக்கு இறங்கும், ஸ்கிம்மர் வழக்கத்தைவிட ஆழத்தில் நிற்கும். கரன்ட் வந்ததும் அந்த ஆழத்திலேயே கிளம்பி, கோப்பை வழிந்து, அத்தனை நாள் அழுக்கும் திரும்ப உள்ளே போகும், அல்லது தரையில் ஓடும். ரிட்டர்ன் முதலில், ஐந்து பத்து நிமிடம் கழித்து ஸ்கிம்மர் என்று கிளம்ப ஒரு டிலே டைமர் போடுங்கள். எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் ரிச்சி தெருவில் கிடைக்கும். 2016 வர்தா, 2023 மிக்ஜாம் மாதிரி நாள்கணக்கில் கரன்ட் இல்லாமல் போனால், இன்வெர்ட்டரில் ஸ்கிம்மரை ஓட்ட வேண்டாம். பேட்டரியில் ஓடும் காற்று பம்ப்பே உயிர் காக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரன்ட்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) ஒன்று, எலக்ட்ரீஷியனை வைத்து. உப்புநீரும் ஓட்டை ஒயரும் சேர்ந்தால் விளையாட்டில்லை.

இரவில் அணைப்பது பற்றி. உங்கள் அளவுக்கு 12 வாட் பம்ப் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாத பில்லில் 17 யூனிட் சொச்சம். இரவில் மட்டும் நிறுத்தினால் அதில் பாதிகூட மிஞ்சாது. ஆனால் இரவில்தான் பாசி ஆக்ஸிஜன் தருவதை நிறுத்திவிட்டு எல்லோரோடும் சேர்ந்து மூச்சு வாங்குகிறது. 25 டிகிரியில் உப்புநீர் லிட்டருக்கு ஏறக்குறைய 6.8 மில்லிகிராம் ஆக்ஸிஜன் தாங்கும், 30 டிகிரியில் 6.2-தான். மே மாதம் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) இல்லாத தொட்டியில் இரவில் ஸ்கிம்மரை நிறுத்தினால், விடியற்காலை டேங் மேல்மட்டத்தில் வாய் திறந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். நிறுத்த வேண்டுமென்றால் தீனி போடும்போது இருபது நிமிடம் நிறுத்துங்கள். உறைந்த தீனியின் சாறு மீன் வாய்க்குப் போகும் முன் கோப்பைக்குப் போகாமல் இருக்கும்.